மேடைக்குப் பின்னால் இடமிருக்கிறது

கடலூர் மாவட்டத்தின் மிகப் பழைய ஆட்டமேடை எது என்று கேட்டால் யோசிக்க வேண்டியதில்லை. தில்லைச் சிற்றம்பலம்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதைச் சுற்றித் திருப்பணி ஓயவில்லை. முதலாம் பராந்தகன் பொன் வேய்ந்தான். முதலாம் குலோத்துங்கனுக்கும் விக்கிரம சோழனுக்கும் தளபதியாக இருந்த மணவில் கூத்தன் என்ற நரலோகவீரன் நூற்றுக்கால் மண்டபம் எடுத்தான். மாசிக் கடலாட்டுக்குப் பெருமான் எழுந்தருள வசதியாகக் கடற்கரை வரை பாதையும் போட்டான். எதிரே கனகசபை, தெற்கே தேர் வடிவில் நிருத்த சபை, வெளியே ராஜசபை என்ற ஆயிரங்கால் மண்டபம், நான்கு திசையிலும் ஏழுநிலைக் கோபுரங்கள் என்று நூற்றாண்டுக்கு நூற்றாண்டு கோவில் விரிந்துகொண்டே போனது.

இத்தனை பேரரசர்கள் இவ்வளவு பொருளோடு வந்தும், நடுவில் இருக்கிற அந்தச் சிறு சபையை ஒருவரும் கருங்கல் மண்டபமாக மாற்றவில்லை. மரச்சுவர் மரச்சுவராகவே இருக்கிறது. குடிசைச் சாயலில் இறங்கும் கூரை மேல் பொன் ஓடு ஏறியதே தவிர, வடிவம் மாறவில்லை. பழுதானதை மாற்றினார்கள், தேவையானதைச் சுற்றிலும் கட்டினார்கள்.

பழைய அரங்கம் ஒன்றைப் புதுப்பித்து விரிவாக்குவது எப்படி என்று இன்று உலகமெங்கும் கருத்தரங்கு போட்டுப் பேசுகிறார்கள். பதில் நம் மாவட்டத்திலேயே நிற்கிறது. ஆனால் கோவிலுக்குக் காட்டிய அந்த அக்கறையை நாடகக் கொட்டகைக்கும் டவுன் ஹாலுக்கும் சினிமா தியேட்டருக்கும் நாம் காட்டவில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இந்தக் கட்டுரை.

இந்த மண்ணில் கூத்துக்கும் நாடகத்துக்கும் எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை. நாடகத் தமிழின் தலைமை ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் கண்ணை மூடியது பக்கத்துப் புதுச்சேரியில். அவர் வளர்த்துவிட்ட பாலர் கம்பெனிகள் ஊர் ஊராக மூட்டை முடிச்சோடு இறங்கி, கீற்றுக் கொட்டகையில் வாரக்கணக்கில் நாடகம் போட்டன. அதே கொட்டகைகளுக்குள் சினிமா புகுந்தது. 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரை வாங்கிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிய சாமிக்கண்ணு வின்சென்ட் தொடங்கிவைத்த டூரிங் டாக்கீஸ் வழக்கம், மணல் தரையும் பெஞ்சுமாகத் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. பிறகு செங்கல், காரை, கான்கிரீட் என்று தியேட்டர்கள் நிலைத்தன. கடலூரில் நியூ சினிமா, கிருஷ்ணாலயா, வேல்முருகன் என்றும், சிதம்பரத்தில் லேனா, வடுகநாதன், மாரியப்பா என்றும் பெயர் சொன்னால் போதும், அந்தந்தத் தலைமுறைக்கு ஒரு படமும் ஒரு பண்டிகை நாளும் ஞாபகத்துக்கு வந்துவிடும். புதுமைப்பித்தன் பிறந்த திருப்பாதிரிப்புலியூர், ஜெயகாந்தன் பிறந்த மஞ்சக்குப்பம் இரண்டும் இந்தக் கடலூருக்குள்தான் அடக்கம். எழுத்தும் மேடையும் பேச்சும் இங்கே வெளியூரிலிருந்து இறக்குமதியான சரக்கல்ல.

அப்படிப்பட்ட ஊர்களில் ஒரு தியேட்டர் மூடினால் அடுத்து என்ன வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை, இல்லையென்றால் அடுக்குமாடி. தனியார் இடத்தை விற்பது அவரவர் உரிமை. அதைக் குறை சொல்ல நமக்கு இடமில்லை. பொதுமக்கள் பணத்தில் எழுந்த அரங்கங்களின் கதை வேறு. கடலூர் 2021-இல் மாநகராட்சியாகிவிட்டது. மாநகராட்சி என்று பலகை மாட்டிய ஊருக்கு, நாடகம் பார்க்கவும் கச்சேரி கேட்கவும் தக்க ஓர் அரங்கம் வேண்டும். மஞ்சக்குப்பம் டவுன் ஹால் போன்ற பழைய பொது அரங்கங்களை இடித்துப் புதிது கட்டுவதா, வைத்துக்கொண்டு வளர்ப்பதா என்ற கேள்வி இன்றில்லாவிட்டால் நாளை வந்தே தீரும். அதற்குள் பக்கத்து ஊர்களில் என்ன நடந்தது என்று பார்த்துவைப்பது நல்லது.

எட்டணா வாடகை அரங்கம்

சென்னை சென்ட்ரலில் இறங்கி ரிப்பன் மாளிகைப் பக்கம் நடந்தால் கண்ணில் படும் செங்கல் கட்டடம் விக்டோரியா பொது அரங்கம். சென்னைக்கு ஒரு டவுன் ஹால் வேண்டும் என்று 1882-இல் நகரப் பெரியவர்கள் பச்சையப்பன் மண்டபத்தில் கூடிப் பேசினார்கள். 1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். வரைந்தவர் ராபர்ட் சிஷோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். நகராட்சி 57 கிரவுண்டு நிலத்தை, கிரவுண்டுக்கு எட்டணா வாடகையில், 1888-இலிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. மகாராணி விக்டோரியாவின் பொன்விழா நினைவாகப் பெயர் வந்தது.

கீழே ஒரு கூடம், மேலே ஒரு கூடம். ஒவ்வொன்றிலும் 600 பேர் உட்காரலாம். கிழக்குக் கோடியில் மரத்தாலான கேலரி, அதில் இன்னும் 200 பேர். வடக்கிலும் தெற்கிலும் தூண் வைத்த நீண்ட தாழ்வாரங்கள். கோபுரத்தின் உச்சியில் மட்டும் கேரளக் கோவில்களை நினைவூட்டும் சரிந்த கூரை. அந்தத் தாழ்வாரங்கள் அழகுக்கு மட்டும் வைத்தவை அல்ல. வெயில் நேரே கூடத்துச் சுவரில் படாமல் தடுப்பதும், கூட்டம் கலையும்போது நெரிசலில்லாமல் இறங்க வழிவிடுவதும் அவைதான். மின்விசிறி வராத காலத்தில் 600 பேரை ஒரு கூடத்தில் மூச்சுத் திணறாமல் உட்காரவைக்கத் தெரிந்தவன் போட்ட கணக்கு அது.

பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபை பல ஆண்டுகள் இங்கேதான் நாடகம் நடத்தியது. வக்கீல்களும் படித்த உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டி மேடையேறுவது மரியாதைக் குறைவல்ல என்று ஊருக்குப் புரியவைத்தது அந்தச் சபை. 1897 வாக்கில் சென்னைவாசிகள் முதன்முதலாகச் சலனப்படம் பார்த்ததும் இந்தக் கூரையின் கீழ்தான். தமிழ்நாட்டில் நாடகமும் சினிமாவும் கைமாறிக்கொண்ட இடம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன்.

இவ்வளவு பெருமை இருந்தும் அது பாழடைந்து கிடந்தது. குத்தகை முடிந்ததும், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த அறக்கட்டளைக்கும் மாநகராட்சிக்கும் வழக்கு. வழக்கு நடக்கிற கட்டடத்தின் ஓட்டை யார் மாற்றுவது? பூட்டிய கதவுக்குப் பின்னால் மழைநீர் இறங்கியது, மரம் உளுத்தது, அரசமரக் கன்று விரிசலில் வேர்விட்டது. நடுவில் தொடங்கிய சீரமைப்பு முயற்சிகளும் தேங்கிப்போயின. கடைசியில் சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் 32 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கித்தான் மாநகராட்சி அதைச் சீர்செய்ய இறங்கியது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தள்ளிப்போட்ட சில்லறைச் செலவுகள் ஒன்றாகத் திரண்டு வந்த தொகை அது என்று எனக்குத் தோன்றுகிறது.

கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய புதுச்சேரியின் கதை இன்னும் கசப்பானது. கடற்கரைச் சாலையில் 1870-71-இல் பிரெஞ்சுக்காரர்கள் எழுப்பிய மேரி கட்டடம் நகராட்சி மன்றமாக இருந்தது. ஆபத்து என்று காலி செய்தார்கள். காலி செய்ததோடு சரி. 2014 நவம்பர் 29 அன்று, அடைமழையில், அது மொத்தமாக இடிந்து விழுந்தது. பிறகு உலக வங்கி நிதியில் பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். நன்றாகவே கட்டியிருக்கிறார்கள், கடற்கரைக்குப் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். ஆனாலும் அது பிரதிதான். 1871-இன் செங்கல்லும் காரையும் இடிபாடாக லாரியில் போய்விட்டன.

உப்புக்காற்றும் சுண்ணாம்பும்

கடலூரில் கட்டடம் என்றால் கடலோடு சேர்த்துத்தான் பேச வேண்டும். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-இல் கரையேறிய தானே புயல், 2015 வெள்ளம் மூன்றையும் பார்த்த ஊர். இவை தலைப்புச் செய்தியில் வந்த எதிரிகள். தலைப்பில் வராத எதிரி அன்றாட உப்புக்காற்று. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியில் துரு ஏறினால் கம்பி பருக்கும். பருத்த கம்பி கான்கிரீட்டைப் பிளந்து சில்லு சில்லாகத் தள்ளும். எழுபதுகளில் அவசரமாகக் கட்டிய எத்தனையோ கட்டடங்களில் கூரைக் கம்பி வெளியே தெரிவது இதனால்தான்.

கம்பியே இல்லாத பழைய காரைக் கட்டடத்துக்கு இந்த நோய் கிடையாது. அதன் பலம் சுண்ணாம்பில் இருக்கிறது. கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பை நீற்றி, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் பனைவெல்லமும் விட்டுப் புளிக்கவைத்துப் பூசுவார்கள். நம் கரையில் கிளிஞ்சலுக்குக் குறைவில்லை. இந்தப் பூச்சு சுவரில் ஏறும் ஈரத்தை அடைத்துவைக்காது. வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். இதன் மேல் ஒரு மேஸ்திரி நல்லெண்ணத்தோடு சிமெண்ட் பூசினால் வருவது வினை. ஈரம் உள்ளேயே தங்கும், அதோடு வந்த உப்பு செங்கல்லுக்குள் படிகமாகும், இரண்டு மூன்று மழைக்காலத்தில் செங்கல்லே மாவாக உதிரும். வெளியிலிருந்து பார்ப்பவர் கட்டடம் கிழடாகிவிட்டது என்பார். உண்மையில் அதற்கு மூச்சடைத்துவிட்டது.

கூரையும் அப்படித்தான். மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். தேக்கு உத்திரங்களின் மேல் சரம் பரப்பி, மெல்லிய செங்கல்லை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு. ஒரு சரம் உளுத்தால் அந்த ஒன்றை மாற்றலாம், மொத்தக் கூரையையும் பிரிக்க வேண்டியதில்லை. இந்த வேலை தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன, ஆனால் குறைந்துகொண்டே வருகின்றன. ஒவ்வொரு அரங்கச் சீரமைப்பும் ஒரு பட்டறையாகவும் நடக்க வேண்டும், இளைய கொத்தனார்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பொறியியல் மாணவர்களுக்கு இதைவிட நல்ல செய்முறைப் பாடம் எங்கே கிடைக்கும்?

எதைக் கூட்டுவது, எங்கே கூட்டுவது

சரி, பழையதை அப்படியே வைத்துக்கொண்டால் இன்றைய தேவைக்குப் போதுமா என்ற கேள்வி நியாயமானது. போதாது. பழைய அரங்கங்களில் பெண்களுக்கான கழிப்பறை என்பது யாரோ பிறகு யோசித்துச் சேர்த்த ஒன்றாகவே இருக்கும். சக்கர நாற்காலி ஏற வழியிருக்காது. நடனமாட வரும் பிள்ளைகள் உடை மாற்றத் திரைமறைவு தேடுவார்கள். எல்லாவற்றையும் விட முக்கியமானது வெளியேறும் வழி. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபகார் தியேட்டரில் 59 பேர் இறந்தார்கள். தீயை விட, புகையும் அடைபட்ட வழிகளும் குடித்த உயிர்கள் அவை. பாரம்பரியம் என்ற பெயரில் இதில் ஒரு துளியும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஆனால் இந்த வசதிகள் எல்லாவற்றையும் பழைய கூடத்தின் வயிற்றுக்குள் திணிக்க வேண்டிய கட்டாயமில்லை. பெரும்பாலான பழைய அரங்கங்களுக்கு மேடையின் பின்னாலும் பக்கவாட்டிலும் மனை இருக்கிறது. ஒப்பனை அறை, கழிப்பறை, ஒத்திகைக் கூடம், ஏ.சி. இயந்திரம், ஜெனரேட்டர், தீயணைப்புத் தொட்டி எல்லாவற்றையும் அங்கே ஒரு தாழ்வான புதுக் கட்டடத்தில் வைத்து, நடுவில் ஓர் இடைகழியால் இணைத்தால் போதும். புதுக் கட்டடம் பழையதைப் போல வேஷம் போட வேண்டாம். இன்றைய கட்டடமாகவே அடக்கமாக இருக்கட்டும். உயரத்தில் மட்டும் முந்தக் கூடாது.

சிம்லாவின் கெயிட்டி தியேட்டர் இதற்கு ஒரு நல்ல சான்று. சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தோடு பெயர் சேர்ந்த அதே ஹென்றி இர்வின் வடிவமைத்தது, 1887-இல் திறந்தது. பாரம் தாங்காது என்று மேல்தளங்களை ஒரு காலத்தில் இறக்கிவிட்டார்கள். 2009-இல் சீரமைத்துத் திறந்தபோது சின்னஞ்சிறு நாடகக் கூடத்தை அதன் அளவிலேயே விட்டுவிட்டு, கண்காட்சிக் கூடம், திறந்தவெளி அரங்கு ஆகியவற்றை வளாகத்தின் மற்றப் பகுதிகளில் அமைத்தார்கள். மும்பையில் 1993-இல் மூடிய ராயல் ஓபரா ஹவுஸ் 2016 அக்டோபரில் மறுபடி திறந்தது. அது தனியார் சொத்து, ஆனாலும் இடிபடவில்லை. உரிமையாளர்களும் கட்டடக் கலைஞர் ஆபா நாராயண் லாம்பாவும் பல ஆண்டுகள் பொறுமையாக வேலை பார்த்தார்கள்.

கூடத்துக்குள் மூன்று விஷயங்களில் மட்டும் கண்டிப்பு வேண்டும் என்பேன். ஒன்று மேடைப் பலகை. பழைய மேடை மரத்தாலானது, அடியில் வெற்றிடம் விட்டுக் கட்டியது. பரத மாணவி தட்டடவு போடும்போது அது லேசாக இசைந்து கொடுக்கும், சலங்கையோடு பாதத்தின் ஒலியும் கடைசி வரிசைவரை போகும். அதைப் பெயர்த்துவிட்டு கான்கிரீட்டில் டைல்ஸ் ஒட்டினால் ஒலியும் செத்துவிடும், ஆடுகிறவர் முழங்காலும் தேய்ந்துவிடும். இரண்டாவது ஃபால்ஸ் சீலிங். ஏ.சி.க்காக அதைப் போட்டதும் கூடத்தின் உயரம் போய்விடும், மைக் இல்லாமல் எட்டிய குரல் எட்டாது. மேலே ஒழுகினால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. மூன்றாவது, சினிமா ஓடிய கூடமாக இருந்தால் அதன் புரொஜக்டர் அறை. இரட்டை இயந்திரம் நின்ற மேடை, கார்பன் புகை போன குழாய், ரீல் மாற்றும் நேரம் பார்த்து ஆபரேட்டர் கண்வைத்திருந்த சின்னச் சன்னல். இது ஒரு தொழிலாளியின் பணியிடம், அப்படியே காப்பாற்றத் தக்கது.

விரிவாக்கம் என்றதும் வடலூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வள்ளலார் எழுப்பிய எண்கோணச் சத்திய ஞான சபையில் 1872 தைப்பூசத்தில் முதல் ஜோதி தரிசனம் நடந்தது. சபைக்காகப் பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் தந்ததாகச் சொல்வார்கள். அந்தப் பெருவெளியில் சுமார் 100 கோடி ரூபாயில் வள்ளலார் சர்வதேச மையம் அமைக்க 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியபோது, ஊர் மக்களும் சன்மார்க்க அன்பர்களும் எதிர்த்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. வசதி வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, வெறும் வெளி என்று அதிகாரிகள் கண்ட இடம் தங்களுக்குச் சபையின் பாகம் என்றார்கள். தைப்பூசத்துக்கு வந்து குவியும் கூட்டம் நிற்பது அங்கேதான். அரங்கத்தை விரிவாக்குகிறவர்கள் வரைபடத்தில் காலியாகத் தெரியும் இடத்தை யார், எந்த நாளில், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று முதலில் ஊராரைக் கேட்க வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தெருக்கூத்துக்கும் இது பொருந்தும். விடிய விடிய நடக்கும் கூத்துக்கு நாற்காலி வரிசை ஒத்துவராது. ஆட்டக்காரரைச் சுற்றிச் சனம் உட்கார வேண்டும், குழந்தை நடுவில் தூங்க வேண்டும், டீக்கடை பக்கத்தில் இருக்க வேண்டும். ஆகவே பழைய அரங்கத்தின் முற்றத்தை கார் நிறுத்தவென்று தார் போட்டு மூடாமல், மண்தரையாக, மரநிழலோடு ஒரு கூத்துக்களமாக வைத்தால் அதுவே மிகச் சிறந்த விரிவாக்கம். செலவும் குறைவு.

சிதம்பரத்தின் தேவை வேறு மாதிரி. 1981-இல் தொடங்கிய நாட்டியாஞ்சலி, மகாசிவராத்திரியை ஒட்டி ஆண்டுதோறும் நாடெங்கிலுமிருந்து ஆடுகிறவர்களை இழுத்துவருகிறது. 108 கரணங்களைக் கோபுர வாசலில் செதுக்கிவைத்த ஊர். கோவிலுக்குள் தொடங்கிய அந்த விழா பின்னாளில் வெளியே தெற்கு வீதியில் மேடை போட்டு நடக்கும் நிலைக்கு வந்தது. 1929-இல் ராஜா அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் இசைக்கல்லூரி பக்கத்தில்தான் இருக்கிறது. தமிழிசை மாநாடு 1941-இல் கூடியது அந்த அண்ணாமலைநகரில்தான். அதன் தொடர்ச்சியாக எழுந்த ராஜா அண்ணாமலை மன்றம் சென்னைக்குக் கிடைத்தது, சிதம்பரம் நகரத்துக்குக் கிடைக்கவில்லை. பூட்டிக் கிடக்கிற பழைய தியேட்டர் ஒன்றை நகராட்சியோ அரசோ நியாயமான விலைக்கு வாங்கி, அதன் கூடத்தை வைத்துக்கொண்டு நடன அரங்காக்கினால் ஆண்டு முழுக்க ஆட இடமிருக்கும். விலை அதிகம் என்பார்கள். அந்த அளவில் ஒரு கூடத்தை இன்று நகருக்கு நடுவில் புதிதாகக் கட்டினால் என்ன ஆகும் என்றும் கணக்குப் பார்க்கட்டும்.

நடத்துவது யார் என்பதில்தான் பல அரங்கங்கள் தோற்கின்றன. மதுரை ரயில் நிலையத்துக்கு அருகில் விக்டோரியா எட்வர்டு மன்றம் இருக்கிறது. பகலில் நூலகம், மாலையானால் அதே கட்டடத்தில் ரீகல் தியேட்டரின் படம். படிக்க வந்தவர்களும் படம் பார்க்க வந்தவர்களும் ஒரே கூரையைக் காப்பாற்றினார்கள். கடலூரிலும் காலையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு மேல்மாடி, மாலையில் நாடகத்துக்குக் கூடம் என்று வைக்கலாம். உள்ளூர் நாடகக் குழுவுக்கும் கூத்துக் குழுவுக்கும் சலுகை வாடகை, கம்பெனி விழாவுக்கு முழு வாடகை. வசூலாகும் பணம் பொதுக் கணக்கில் கலந்துவிடாமல் கட்டடப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் போக வேண்டும். இதைத் தீர்மானமாக நிறைவேற்றாமல் கோடிகளை ஒதுக்குவதில் பயனில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இலேயே இயற்றப்பட்டது. சென்னையில் உயர் நீதிமன்றம் வரை போய்ப் பாரம்பரியக் கட்டடப் பட்டியல் ஒன்று உருவானது. மாவட்டத் தலைநகரங்களுக்கும் அந்தப் பட்டியல் வேண்டும், அதில் கலெக்டர் ஆபீசும் தேவாலயமும் மட்டுமல்லாமல் அரங்கங்களும் தியேட்டர்களும் இருக்க வேண்டும்.

இன்னொன்று, கோவிலிடமிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற வழக்கம் இருப்பதால் யாராவது ஒருவர் கோபுரத்தில் ஏறிச் செடியைப் பிடுங்குகிறார், விரிசலைப் பார்க்கிறார், மரத்தைத் தட்டிப் பார்க்கிறார். நாள் தள்ளிப்போனாலும் கணக்கு மறப்பதில்லை. தில்லையில் 1987-க்குப் பிறகு 2015 மே மாதம் குடமுழுக்கு நடந்தது. பொது அரங்கங்களுக்கு அப்படி ஒரு கெடு இல்லை. ஒழுகினால்தான் ஏறுகிறோம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்கிவிடும். அதற்கு முன் கடலூர், சிதம்பரம் இரண்டு ஊரிலும் உள்ள பழைய பொது அரங்கங்களின் கூரையில் ஒரு பொறியாளரும் பழைய வேலை தெரிந்த ஒரு கொத்தனாரும் ஏறிப் பார்க்கட்டும். மழைநீர்க் குழாய்களில் அடைத்திருக்கும் இலையை எடுக்கட்டும். தட்டோடு எங்கே பெயர்ந்திருக்கிறது, உத்திரம் எங்கே உளுத்திருக்கிறது, சிமெண்ட் எங்கே பூசியிருக்கிறது என்று குறித்து, அளவெடுத்து, படம் வரைந்து, அந்தக் கோப்பை மாநகராட்சி அலுவலகத்திலும் நகராட்சி அலுவலகத்திலும் யார் கேட்டாலும் பார்க்கும்படி வைக்கட்டும். இதற்குக் கோடிகள் தேவையில்லை. மன்றத்தில் ஒரு தீர்மானமும், ஏணி ஒன்றும், நாலைந்து நாள் கூலியும் போதும்.